வெடியுப்பின் ஏழாவது பாட்டு

ராமு என்னைச் சிவகாசிக்கு அனுப்பியதற்கு ஒரே காரணம், அப்போது நான் சும்மா இருந்ததுதான். மலேசியாவில், எங்கள் பட்டர்வொர்த்தில் ஒரு கச்சேரி மேடைக்கு ஸ்பீக்கர் பெட்டி இறக்கும்போது வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன. கட்டுப் போட்ட கையோடு ஐந்து வாரம் படுத்துக் கிடந்தேன். ஆறாம் வகுப்போடு தமிழ்ப்பள்ளியை விட்டவன் நான். மீன் படகு, கோழிப்பண்ணை, லாரி, கச்சேரி மேடை என்று சுற்றியவனுக்குக் கைதான் படிப்பு. கையில் கட்டு இருக்கும்வரை நான் படிக்காதவன்.

ராமு கேசட் வெளியிடுகிறவன். இந்தக் காலத்திலும் கேசட் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அதுவும் காது கிழியும் மெட்டல் பாட்டுக்கு. மலேசியாவில் ஒரு கூட்டம், இந்தோனேசியாவில் ஒரு கூட்டம். அவர்களுக்காக அவன் ஒரு செய்தி போட்டிருந்தான். தமிழ்நாட்டில் சிவகாசி என்ற ஊரிலிருந்து ஒற்றை ஆள் செய்யும் இண்டஸ்ட்ரியல் மெட்டல், பெயர் ‘வெடியுப்பு’, மொத்தம் ஏழு பாட்டு, விரைவில் என்று. அச்சு மிசின் சத்தத்தையே தாளமாக வைத்து, அதன் மேல் கனத்த கிட்டார், அதற்கும் மேல் அந்த ஒரே ஆளின் கத்தல். ஆறு பாட்டு வந்துவிட்டது. ஏழாவது வரவில்லை. ஒரு மாதமாக ஆள் பதிலே போடவில்லை.

“போய்ப் பாருலா. செத்துட்டான்னா அதையாச்சும் சொல்லு,” என்றான் ராமு.

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். நானும் சாதாரணமாகத்தான் கிளம்பினேன்.

வந்து சேர்ந்த இரவு விருதுநகரில் இறங்கி எண்ணெய்ப் புரோட்டா சாப்பிட்டேன். எங்கள் ஊர் ரொட்டி சானாயை, மெத்தென்ற புரோட்டாவை, பார்த்துப் பழகியவனுக்கு அது வேறு சாதி. எண்ணெயிலேயே முக்கிப் பொரித்து, முறுக்கு மாதிரி நொறுங்குகிறது. அதன்மேல் சால்னாவை ஊற்றினால் அடங்கிப் போகிறது. இடது கையால் பிய்த்துச் சாப்பிட்டேன். பரிமாறியவர் என் கட்டைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் மூன்றாவது புரோட்டாவைத் தானே பிய்த்துப் போட்டார்.

மறுநாள் காலையில் பஸ் மாறி ஏறிவிட்டேன். நடத்துநரிடம் சிவகாசி ஒன்று என்றதும் அவர் பையை மூடிவிட்டார்.

“அண்ணாச்சி, சிவகாசி அங்கிட்டு. இது மல்லாங்கிணறு போற வண்டி. சூரியன் மூஞ்சில அடிக்குதே, அதையாவது பாத்திருக்க வேண்டாமா?”

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். மல்லாங்கிணற்றில் இறங்கித் திரும்பும் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்றேன். மழையை நம்பி விதைக்கிற காடு. சோளம் அறுத்த தட்டை மட்டும் நின்றது. எங்கள் பக்கம் வெறும் மண்ணைப் பார்க்கவே முடியாது. இரண்டு வாரம் விட்டால் புல் ஆளை மறைத்துவிடும். இங்கே மண் தன் பாட்டுக்கு இருந்தது. உரமூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு விவசாயி பேச்சுக் கொடுத்தார்.

“எங்கிட்டுப் போகணும்?”

“சிவகாசிக்கு.”

“வேலைக்கா?” கேட்டுவிட்டு என் கையைப் பார்த்தார். “வேல பாத்துட்டு வந்த மாதிரில்ல இருக்கு.”

அது முதல் அந்த மாவட்டம் முழுக்க என் கைக்கு ஒரே அர்த்தம்தான், பட்டாசு. சிவகாசி பஸ்ஸில் ஏறியதும் ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். ஸ்பீக்கர் விழுந்தது என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சிவகாசி ஊருக்குள் சத்தத்துக்குக் குறைவில்லை. சந்துக்குச் சந்து அச்சாபீஸ். நடந்தால் காலுக்குக் கீழே தரை அதிர்கிறது, மூக்கில் மை வாசனை. ஊரைத் தாண்டி நாரணாபுரம் சாலைக்கு வந்தால் எல்லாம் அடங்கிவிடுகிறது. கருவேலங்காட்டுக்கு நடுவே வெள்ளையடித்த சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆள் இருக்கிறார்கள். பேச்சில்லை, ரேடியோ இல்லை, இரும்பு மேல் இரும்பு படும் சத்தம் இல்லை. சத்தத்தைச் செய்து விற்கிற இடம் இத்தனை அமைதியாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கு இடது காது பாதி போய்விட்டது, பதினைந்து வருடம் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்ற கூலி. அந்த அமைதியில் மீதிக் காதும் போய்விட்டதோ என்று ஒரு நிமிடம் பயந்து, விரலைச் சொடக்கிப் பார்த்துக்கொண்டேன்.

ராமு கொடுத்த விலாசத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. மாஸ்டர் டீயும் காராச்சேவும் வைத்தார். என் கையைப் பார்த்தார்.

“எங்கன வச்சு ஆச்சு?”

“ஸ்பீக்கர் பெட்டி விழுந்துருச்சு.”

“சரிதான். யாரு கேட்டாலும் அப்படியே சொல்லுங்க.”

கடையில் ஆறேழு பேர் இருந்தார்கள். ஒருவர் தன் மாட்டு வைத்தியச் செலவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது தூரத்தில் ‘தொம்’ என்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை, மாடியில் யாரோ நெல்மூட்டையைப் போட்ட மாதிரி. கடை அப்படியே நின்றது. பேசிக்கொண்டிருந்தவர் வாயை மூடவில்லை, பேசவும் இல்லை. மாஸ்டர் டீ ஆற்றிக்கொண்டிருந்த இரண்டு டம்ளரையும் மெதுவாகப் பலகையில் வைத்தார். ஒருவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கைலி கட்டிய ஒருவர் “வெடி டெஸ்ட்டு,” என்றார். மாட்டு வைத்தியம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

“எப்படித் தெரியும்?” என்று மாஸ்டரைக் கேட்டேன்.

“மேலாப்புல கேட்டா டெஸ்ட்டு. தரையில இருந்து வந்து கால்ல ஏறுச்சுன்னா அது வேற.”

“ஏறினா?”

“போன் அடிப்போம். உள்ள வேல பாக்குறவுக போன கேட்டுலயே பெட்டியில போட்டுட்டுத்தான் போகணும். வெடிச்சா வெளிய ஓடி வருவாக, பெட்டியத் திறந்து எடுப்பாக. எடுத்துட்டா உசுரோட இருக்காகன்னு அர்த்தம். ஒண்ணும் பேச வேண்டாம், எடுத்தாப் போதும்.”

“எடுக்கலைன்னா?”

“வண்டிய எடுத்துட்டுப் போவோம்,” என்றார் மாஸ்டர். “சேவு நமுத்துப் போச்சா, வேற தரட்டா?”

ஐந்தரை மணிக்குக் காளிராஜ் வந்தான். வெடியுப்பு என்ற பெயரில் பாடுகிறவன் இவன்தான். முப்பது வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் பேனா, விரலிடுக்கில் நீல மை. எங்கள் பக்கம் மெட்டல் கூட்டத்துக்குக் கறுப்புச் சட்டையும் தோள் வரை முடியும் கட்டாயம். இவனைப் பார்த்தால் பள்ளிக்கூடத்து கிளார்க் என்றுதான் சொல்வார்கள். அச்சாபீஸில் மிசின் ஓட்டுகிறான். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் மிசின்.

“ஏலே காளிராஜ்,” என்றார் மாஸ்டர், “ஒன்னத் தேடி மலேசியாவுல இருந்து ஆள் வந்திருக்கு. ஒம் பாட்டக் கேட்டுட்டு அடிக்கத்தான் வந்திருப்பாரு. பாத்துக்க, ஒரு கைதான் இருக்கு, நீ தப்பிச்சுக்கலாம்.”

காளிராஜ் சிரித்தான். ராமு பெயரைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. “வாங்கண்ணே. சாப்பிட்டீகளா?” என்று கேட்டு என் பையை வாங்கிக்கொண்டான்.

அவன் தனியாக ஒரு அறையில் இருந்தான். சுவர் நான்கிலும் கூரையிலும் காலண்டர் தாள்களை அட்டை கனத்துக்கு ஒட்டியிருந்தான், சத்தம் வெளியே போகாமல் இருக்க. எல்லாம் கழித்துப் போட்ட தாள்கள். அச்சில் நான்கு நிறமும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழாவிட்டால் படம் விலகிப்போகுமாம். அதனால் அந்த அறையில் இருந்த லட்சுமிக்கு நான்கு கண்கள், முருகனுக்கு இரண்டு வாய், பிள்ளையாருக்குத் தலையைச் சுற்றி இன்னொரு சிவப்புத் தலை. எங்கே படுத்தாலும் யாராவது ஒரு சாமி இரண்டு பார்வையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல தாள் வீட்டுக்குப் போயிரும். கழிவு எனக்கு,” என்றான்.

அன்றைக்கு ஏழாவது பாட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. முட்டைக் குழம்பு வைத்தான். ஒரு மிசினை மழைக்காலத்தில் ஓட்டினால் சத்தம் எப்படி மாறும் என்று சொன்னான். காகிதம் வெட்டும் கத்தி இறங்கும் சத்தத்தைப் போனில் பிடித்ததை ஓட்டிக் காட்டினான். வேலைக்கு நடுவே, லேபிள் கட்டு கொண்டுபோகும் இடத்தில், பஸ்ஸில் என்று எங்கே போனாலும் போனில் பதிவை ஓட்டிவிட்டுப் பையில் போட்டுக்கொள்வது அவன் பழக்கம். வீட்டுக்கு வந்து கேட்டு, வேண்டியதை வெட்டி எடுத்துக்கொள்வான்.

சிவகாசியில் இரண்டாம் நாள் அவன் வேலைக்குப் போனதும் நான் விஸ்வநத்தம் பக்கம் நடந்தேன். ஒரு கம்பெனி கேட்டுக்கு எதிரே வேப்பமர நிழலில் உட்கார்ந்தேன். கேட்டுக்குப் பக்கத்திலேயே காவலர் அறை. அதன் வாசலில் அந்தப் பெட்டி இருந்தது. மரப்பெட்டி, உள்ளே புறாக்கூண்டு மாதிரி தடுப்பு. மூடியிருந்தது. நான் இருந்த ஒரு மணி நேரத்தில் உள்ளே ஒரு போன் நான்கு முறை அடித்தது. காவலர் திரும்பியும் பார்க்கவில்லை. அது யாருக்கோ மாவு வாங்கச் சொல்லவோ, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லவோ வந்த அழைப்பாக இருக்கும். ஆனால் மூடின பெட்டிக்குள்ளிருந்து வரும்போது வேறு மாதிரி இருந்தது. எழுந்து வந்துவிட்டேன். வரும் வழியில் நான் ஏறிய மினி பஸ்ஸின் டயர் வெடித்தது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் காலைத் தூக்கினோம். பிறகு ஓட்டுநரைத் திட்டிக்கொண்டே நடந்தோம்.

சாயங்காலம் காளிராஜ் வந்து, காலைக் கழுவிவிட்டு, கேட்காமலே ஹெட்போனை எடுத்து என்னிடம் நீட்டினான்.

“இதுதாண்ணே ஏழாவது.”

முதலில் மரமூடி விழும் சத்தம். பிறகு வெகு நேரம் ஒன்றுமில்லை. துணிக்குள் போட்டு மூடின மாதிரி ஒரு இரைச்சல், அதன் மேல் கிட்டார், கொசு மாதிரி. அப்புறம் ஒரு அடி. காதுக்கு முன்னால் அது நெஞ்சுக்குக் கேட்டது. சற்று இடைவெளி. ஒரு போன் அடிக்கத் தொடங்கியது. இன்னொன்று. அப்புறம் பத்து, பன்னிரண்டு. சாமி பாட்டு, குழந்தை சிரிப்பு, நாதஸ்வரம், சாதா மணி, எல்லாம் ஒன்றாக, மிக அருகில். அதற்குக் கீழே அவன் மிசினின் தாளத்தைக் கொண்டுவருகிறான். திடீரென்று குழந்தை சிரிப்பு அறுந்தது. பிறகு மணி. யாரோ ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். ஒவ்வொரு அறுப்பும் தாளத்தில் ஒரு அடியாக விழுகிறது. கடைசியில் எல்லாம் போய் ஒரு சேவல் மட்டும் கூவிக்கொண்டிருந்தது. கூவும், நிற்கும், மறுபடி கூவும். பாதிக் கூவலில் அது அறுந்தது. எறும்பு பேசுவது போல ஒரு ஆண் குரல்: “மாரி... ஏ மாரி...” அதற்கு மேல் கிட்டார் இடிந்து விழ, காளிராஜ் கத்துகிறான். அந்தக் கத்தலில் சொல் எதுவும் இல்லை.

ஹெட்போனைக் கழற்றினேன். வெளியே தெருவில் நிஜச் சேவல் ஒன்று கூவியது. எழுந்து நின்றுவிட்டேன்.

அவன் சொன்னது இதுதான். போன ஆடி மாதம், சீசன் வேகத்தில், ஒரு கம்பெனிக்கு லேபிள் கட்டு கொண்டுபோயிருக்கிறான். கேட்டில் போனைப் பெட்டியில் போட்டிருக்கிறான். வழியில் ஓடவிட்ட பதிவை நிறுத்த மறந்துவிட்டான். கேட்டிலிருந்து தள்ளியிருந்த ஸ்டோரில் லேபிள் கட்டுகளை எண்ணி வைக்கும்போது உள்ளே கடைசி அறை வெடித்தது. பெட்டிக்குள் கிடந்த அவன் போன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

“அந்த ரூம்ல இருந்தது ஒரே ஆளு. மாரீஸ்வரி அக்கா. சேவல் அவுக போனு. வீட்டுக்காரரு காலையில எந்திரிக்க மாட்டாருன்னு வெளையாட்டுக்கு வச்சதாம். கடைசியா நான் பெட்டிகிட்ட வாறேன், உள்ள ரெண்டு போனுதான் கெடக்கு. என்னுது ஒண்ணு, அது ஒண்ணு. அடிச்சுக்கிட்டே இருக்கு. ‘மாமா’ன்னு எழுதியிருக்கு.”

“சரி.”

“எடுத்துட்டேண்ணே.”

டீக்கடை மாஸ்டர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது.

“சொல்லிருவோம்னுதான் எடுத்தேன். வாய் வரல. அப்படியே பெட்டிக்குள்ள வச்சுட்டு என் போனத் தூக்கிட்டு ஓடியாந்துட்டேன். அன்னையில இருந்து அவரு, அவ எடுத்தா, கேட்டு வரைக்கும் வந்துட்டான்னு சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. ஆஸ்பத்திரியில துணியில சுத்திக் குடுத்தத அவ இல்லன்னுட்டாரு. அவுக அண்ணன்தான் அடக்கம் பண்ணாரு. இவரு மதுரை, திருநெல்வேலின்னு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாப் போயி முகத்தக் காட்டச் சொல்லிப் பாக்குறாரு. காரியம்கூட வைக்கல.”

ஏழு மாதம். இவன் சொல்லவும் இல்லை, பாட்டை அழிக்கவும் இல்லை. அவன் செய்ததிலேயே அதுதான் நல்ல பாட்டு. அது அவனுக்கும் தெரிந்திருந்தது. அதுதான் அவனைத் தின்றுகொண்டிருந்தது.

“நீங்க வெளியூரு. நீங்க போய்ச் சொல்லுங்களேன்,” என்றான்.

“நான் கூட வரேன். சொல்றது நீதான்,” என்றேன். நான் ஒன்றும் பெரிய நியாயவான் இல்லை. என்னிடம் அதைச் சொல்லும் தமிழ் இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் ஞாயிறு. ராமு காலையிலேயே அழைத்துக் கேசட் அட்டை அச்சுக்குப் போகிறது என்றான். சாயங்காலம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். காளிராஜ் பைக்கில் போனோம். அவர் பெயர் செல்லப்பாண்டி. ஊருக்கு வெளியே காலனி மாதிரி வரிசை வீடுகள். முன்பு லோடு வண்டி ஓட்டியவர். வண்டி சத்தத்தில் போன் அடித்தால் கேட்காது என்று அதை விட்டுவிட்டு, வீட்டில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டுகிறார். கம்பியில் தாளைச் சுற்றி, பசை தடவி, உருவிப் போடுகிறார். பேசும்போதும் கை நிற்கவில்லை. பக்கத்தில் முக்காலியின் மேல் ஒரு போன் சார்ஜரோடு கிடந்தது. பின்னட்டையில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது.

“மலேசியாவா? அங்கன வெடி விடுவாகளா?”

“சீனப் பெருநாளுக்கு விடுவாங்க. அரசாங்கம் ஒரு வருசம் விடும், ஒரு வருசம் விடாது.”

“நம்ம சரக்கா?”

“தெரியலைண்ணே.”

“இருக்கும். கலர் குடிக்கிறீகளா?” என்று கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடையில் இரண்டு பாட்டில் கலர் சோடா வாங்கி வந்தார். என் கையைப் பார்த்தார். இவர் ஒருவர்தான் எப்படி என்று கேட்கவில்லை.

காளிராஜ் குடித்து முடித்தான். பாட்டிலைக் கீழே வைத்தான். மறுபடி எடுத்தான். கடைசியில், “அண்ணே, அன்னைக்கு என் போன் பெட்டிக்குள்ள இருந்துச்சு. அதுல பதிவாகியிருக்கு,” என்றான்.

செல்லப்பாண்டியின் கை நின்றது.

பாட்டைப் போடவில்லை, ஹெட்போனை அவர் காதில் மாட்டி, கிட்டார் இல்லாத மூலப் பதிவைப் போட்டான். சேவல் கூவத் தொடங்கியிருக்க வேண்டும், அவர் இரண்டு கையாலும் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுவார் என்று நினைத்தேன். முகம் மலர்ந்தது. அதைவிட மோசமான ஒன்றை நான் எந்தப் படகிலும் பார்த்ததில்லை.

“எடுத்தா பாருங்க,” என்றார் என்னிடம். “நான் சொன்னத ஒரு பயலும் நம்பல. இந்தா, எடுத்தா. இருபத்திரெண்டு செகண்டு. என் போன்லயும் இருக்கு. ஏலே காளி, இத்தன நாளா எங்கலே வச்சிருந்த? இத அவ அண்ணனுக்குப் போட்டுக் காட்டணும். எந்திரி, ஸ்டேசனுக்குப் போவோம். கேட்டு வரைக்கும் வந்தவள எங்கன கொண்டுபோனாகன்னு இப்பச் சொல்லட்டும்.”

அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். காளிராஜ் எழுந்திருக்கவில்லை.

“அண்ணே, எடுத்தது நான்.”

“என்னலே?”

“அக்கா வரல. யாரும் வரல. அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, நான்தான் எடுத்தேன்.”

செல்லப்பாண்டி சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்தார். “பொய் சொல்ற. நான் ஓயட்டும்னு அவ அண்ணன் சொல்லிவிட்டிருக்கான்.”

“இல்லண்ணே.”

“நீ எடுத்திருந்தா ஏன்லே பேசல?”

“நீங்க பேச வேண்டாம்னு சொன்னீக. ‘பேச வேண்டாம், மூச்சு மட்டும் விடு, நான் வந்துருதேன்’னு சொன்னீக. பதிவுல அது கேக்காது, போன் காதுல ஒட்டி இருந்துச்சு. எனக்குத்தான் கேட்டுச்சு. நான் மூச்சு விட்டேன்.”

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். போன் இருப்பது ஞாபகம் வந்து எழுந்துவிட்டார். வாசல் வரை போய்த் தெருவைப் பார்த்தார். பிறகு, ஒரு வேலைக்காரனுக்கு வேலை சொல்வது மாதிரி, “அன்னைக்கு ஓடித்தான வந்த?” என்றார்.

“ஆமாண்ணே.”

“ஓடு. அந்தத் தண்ணித்தொட்டி வரைக்கும் ஓடிட்டு வா.”

காளிராஜ் ஓடினான். நண்பகல் வெயில். தெரு முழுக்கச் சல்லடைச் சட்டங்களில் காகிதக் குழாய்கள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே திருநீறு பூசின ஒரு ஆள் தலைதெறிக்க ஓடுவதைப் பெண்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். ஒருத்தி உடனே தன் போனை எடுத்தாள். “ஒண்ணுமில்ல தாயி,” என்று செல்லப்பாண்டி கையைக் காட்டினார். தன் போனை எடுத்துக்கொண்டு, வேப்பமரம் வரை நடந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

காளிராஜ் உள்ளே வந்து விழுந்தான். முக்காலியின் மேல் சேவல் கூவியது. திரையில் ‘மாமா’ என்று வந்தது. இரண்டு முறை கூவட்டும் என்று விட்டான். மூன்றாவதில் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான்.

பேசவில்லை. மூச்சு மட்டும் விட்டான். நெஞ்சுக்கூடு ஏறி இறங்கியது. அறையில் வேறு சத்தம் இல்லை. நான் வாசலில் நின்று, மரத்தடியில் நின்ற மனிதரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியில் கன்னத்தை வைத்துப் பார்ப்பது போல இருந்தார். ஏழு மாதம் அவர் உயிர் பிழைத்தது அந்த மூச்சில்தான். அவருக்கு அது தப்பாது.

மரத்தடியில் அவர் இருமினார். ஒரு நொடி கழித்து, காளிராஜின் காதிலிருந்து அதே இருமல் சின்னதாக வந்தது. அழைப்பு அறுந்தது.

உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். கம்பியை எடுத்தார், ஒரு தாளைச் சுற்றினார், பசை தடவினார், உருவிப் போட்டார். இன்னொன்று.

“அதே மூச்சுதான்,” என்றார்.

காளிராஜ் அழுதுகொண்டிருந்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை, அடிக்கவும் இல்லை.

“அதப் பாட்டா வேற போட்டிருக்கியாக்கும்?” நாங்கள் அதைச் சொல்லியிருக்கவில்லை. மலேசியாவிலிருந்து ஒரு ஆள் எதற்கு வந்திருப்பான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

“அழிச்சுருதேண்ணே.”

“அழிச்சா? அதுல அவ போனு இருக்கு.” இன்னொரு குழாயை உருவினார். “இருக்கட்டும். ஆனா கேக்குறவுக அவ எடுத்தான்னு நெனைக்கக் கூடாது. நான் நெனைச்சது போதும். எடுத்தது யாருன்னு அதுல இருக்கணும். நீ இப்ப விட்டியே மூச்சு, அதே மாதிரி விட்டு அதையும் போடு.”

பிறகு மைத்துனரை அழைத்தார். “மச்சான், காரியத்துக்கு நாள் பாத்துரு,” என்றார். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, “ஆமா, ஆமா,” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். முக்காலியில் கிடந்த போனின் சார்ஜரைப் பேசிக்கொண்டே பிடுங்கினார்.

நான்காம் நாள் விருதுநகரில் பஸ் மாற நின்றேன். ராமு அழைத்தான். விடியற்காலையில் பாட்டு வந்துவிட்டது, முழுக்கக் கேட்டேன் என்றான். வழக்கமாகப் பாட்டு கேட்டால் அரைமணி நேரம் கிட்டாரைப் பற்றிப் பேசுவான். இப்போது பேசவில்லை. பாட்டின் கடைசியில் இருபத்திரண்டு விநாடி யாரோ மூச்சு வாங்குகிறானே, அது பிழையாகப் பதிவானதா, வெட்டிவிடலாமா என்று கேட்டான்.

“வெட்டாத.”

“சரி. பாட்டுக்குப் பேரு போடாம அனுப்பியிருக்கான். அட்டை மிசின்ல ஏறுது. என்னன்னு சொல்லு.”

“எடுத்தது நான்,” என்றேன்.

எழுதிக்கொண்டான். அவன் பாட்டைக் கேட்டிருந்தான், வேறொன்றும் கேட்கவில்லை.